கீழ்ப்படியைக் காலியா விடுங்க

சம்பா நாத்து விட்டாச்சு. ஏரியில தண்ணி பாதிதான் இருக்கு, மழைக்குக் காத்திருக்கோம். அதைப் பத்தி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். அதுக்குள்ள சென்னையில இருந்து தங்கச்சி மகள் போன் பண்ணினா. "மாமா, நவராத்திரி வருது. போன வருஷம் மாதிரி பொம்மைக்காரத் தெருவுல ஒரு செட் வாங்கிட்டு வாங்க. இந்தத் தடவை கல்யாண செட்." சரிம்மான்னு சொல்லி போனை வச்சேன். அப்புறம் போன வருஷம் வாங்கின செட் ஞாபகத்துக்கு வந்தது. அதை எழுதிடறேன். நெல்லு அடுத்த வாரம்.

எங்க வீட்ல கொலு வைக்கிற பழக்கம் இல்லை. தங்கச்சி மகள் வாக்கப்பட்ட வீட்ல உண்டு. காஞ்சிபுரத்துலயே வாங்கினா விலை குறைவு, நல்ல வேலையாவும் இருக்கும்னு அந்தப் பொறுப்பு என் தலையில விழுந்தது. சின்ன காஞ்சிபுரத்துல அஸ்தகிரி தெருன்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பேர் சொன்னா ஆட்டோக்காரர் யோசிப்பார். பொம்மைக்காரத் தெருன்னா நேரா கொண்டு போய் விடுவார். வீட்டுக்கு வீடு பொம்மை. களிமண்ணுலயும் செய்வாங்க, காகிதக் கூழ்லயும் செய்வாங்க. காகிதத்தை ஊற வச்சு அரைச்சு, கிழங்கு மாவும் சுண்ணாம்புத் தூளும் கலந்து பிசைஞ்சு, ரெண்டு பாதி அச்சுல தனித்தனியா அழுத்தி எடுத்து ஒட்டுவாங்க. காய வச்சு, தேய்ச்சு, வர்ணம் அடிச்சு, கடைசியா கண்ணு எழுதுவாங்க. புரட்டாசியில மழை பிடிச்சுக்கிட்டா எங்களுக்குச் சந்தோஷம், அவங்களுக்குத் திண்டாட்டம். பொம்மை காயாது.

போன வருஷம் அவ கேட்டது கிராமத்து செட். கூரை வீடு, கிணறு, மாட்டு வண்டி, ஆலமரத்தடியில பஞ்சாயத்து, உரல் குத்துற பொம்பளை, அம்மி அரைக்கிற பொம்பளை, நாத்து நடுற பொம்பளைங்க நாலு பேர். நான் விவசாயிங்கறதால கொஞ்சம் உத்துப் பார்த்தேன். அந்த ஊர்ல பள்ளிக்கூடம் இல்லை. பஸ் நிக்கிற இடம் இல்லை. ரேஷன் கடை இல்லை. எல்லாப் பொம்பளையும் குனிஞ்சு வேலை செய்யறா, ஒருத்திகூட சும்மா உட்கார்ந்திருக்கலை.

"ஏங்க, எங்க ஊர்ல இப்ப அறுவடை மெஷினும் டிராக்டரும்தான். போர்ல தண்ணி இறைக்கிறோம். அதை வைக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். செஞ்சவர் சிரிச்சார். "அண்ணே, டிராக்டர் வச்சா யார் வாங்குவாங்க? வாங்கறவங்களுக்கு அவங்க தாத்தா ஊர்தான் வேணும்."

அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். கண்ணுல பட்டதை உடனே பொம்மையாக்கத் தெரிஞ்ச கைங்க அது. அத்திவரதர் விஷயத்தையே எடுத்துக்கங்க. 40 வருஷத்துக்கு ஒரு தடவை வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துல இருந்து வெளியே வருவார். 1979-ல நான் சின்னப் பையன். மறுபடி 2019-ல ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் வைபவம். அந்த வருஷ நவராத்திரிக்கே இந்தத் தெருவுல அத்திவரதர் பொம்மை வந்துடுச்சு, சயனக் கோலம் ஒண்ணு, நின்ற கோலம் ஒண்ணு. கேட்டா செய்வாங்க. நாமதான் கேக்கறதில்லை.

செட்டை வைக்கோல் போட்டுக் கட்டி சென்னைக்குக் கொண்டு போனேன். கீழ்ப்படி முழுக்க அதை அடுக்கினாங்க. ரொம்ப அழகா இருந்தது. பேத்திக்கு எட்டு வயசு. நான் ஒரு மாட்டு வண்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்கப் போனேன். "தாத்தா, தொடாதீங்க, உடைஞ்சிடும், அம்மா திட்டுவாங்க"ன்னா. எனக்கு அங்கதான் சுருக்குன்னுச்சு. குழந்தைக்காக வாங்கின ஊரு, அதுல குழந்தை கை வைக்கக் கூடாது.

என் மகள் சின்னதா இருந்தப்ப கட்டின வீடு ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னாதான் நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன்னு உங்களுக்குப் புரியும்.

அவளுக்கு அப்ப பத்து, பதினோரு வயசு. களத்துக்குப் பின்னால களிமண்ணைக் குழைச்சு முழங்கால் உயரத்துக்கு ஒரு வீடு கட்டினா. திண்ணை இருந்தது, மாடம் இருந்தது, கொட்டாங்குச்சியில தொட்டி இருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் தனியா ஒரு சின்ன அறை, அதுக்குத் தென்னங்கீத்துல கதவு, கதவுல ஒரு ஈர்க்குச்சி. இது என்னம்மா, மாட்டுக் கொட்டாயான்னு கேட்டேன். "இல்லப்பா, கக்கூஸ். இந்தக் குச்சிதான் தாழ்ப்பாள், உள்ளே இருந்து போட்டுக்கலாம்"ன்னா. நான் சத்தமா சிரிச்சேன். என் வீட்டுக்காரி சிரிக்கலை.

எங்க வீட்ல அப்ப அந்த வசதி இல்லை. ஊர்ல முக்கால்வாசி வீட்ல இல்லை. பொம்பளைங்க விடியறதுக்கு முன்னால ஏரிக்கரைப் பக்கம் போகணும், இல்லைன்னா இருட்டற வரைக்கும் அடக்கிக்கணும். பொண்ணு வளருதுங்கறது எனக்குத் தெரியும். ஆனா அவளுக்கு உள்ளே இருந்து போடுற ஒரு தாழ்ப்பாள் வேணும்கறது எனக்குத் தெரியலை. அவளும் வாயைத் திறந்து கேக்கலை. எப்படிக் கேப்பா? மண்ணுல கட்டி வச்சுட்டா. அந்த வருஷம் அறுவடைப் பணத்துல வேற செலவை ஒத்தி வச்சுட்டு அந்த அறையைக் கட்டினோம். மண்வீடு மழையில கரைஞ்சு போச்சு. இந்த அறை இன்னைக்கும் இருக்கு.

இன்னொண்ணும் சொல்றேன். நான் காஞ்சிபுரத்துல ஹைஸ்கூல் படிச்சப்ப பிள்ளையார்பாளையத்துல எனக்கு ஒரு சிநேகிதன். நெசவுக்காரங்க வீட்டுப் பையன். பட்டுச் சேலையில உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம்னு வரணும்னா கோர்வை போடணும். அதுக்கு மூணு நாடா. நெய்யறவர் ஒருத்தரால முடியாது, கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். அந்தக் காலத்துல அந்த ஆள் பல வீட்ல ஒரு சின்னப் பிள்ளைதான். அவனும் பள்ளிக்கூடம் விட்டா அங்கதான் உட்காரணும், லீவு நாள்ல முழுப் பகலும்.

அவன் ஈர்க்குச்சியிலயும் கழிவு நூல்லயும் ஒரு பொம்மைத் தறி கட்டி வச்சிருந்தான். பாவு, நாடா எல்லாம் அச்சு அசலா இருக்கும். வேலை செஞ்சது போதாதுன்னு விளையாட்டுலயும் தறியாடான்னு நான் கிண்டல் பண்ணுவேன். அந்தத் தறியில கரைப்பக்கம் ஒரு மூக்கு உடைஞ்ச களிமண் பொம்மையை உட்கார வச்சிருந்தான். இது யாருடான்னு கேட்டதுக்கு, "எனக்குப் பதில் ஆளு. நான் வெளியே விளையாடப் போயிருக்கேன்"னான். அப்ப அது எனக்கு வேடிக்கை. பிள்ளை பெத்து வளர்த்த பிறகுதான் அதோட கனம் தெரிஞ்சது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லதான் வந்தது. அது வர்றதுக்கு முன்னாலயே அவன் அந்த இடத்துல ஒரு பொம்மையை உட்கார வச்சுட்டான்.

இந்த விளையாட்டு ஒண்ணும் புதுசு இல்லை. நம்ம பழைய தமிழ்ல இதுக்குச் சிற்றில்னு பேர். பொண்ணு பிள்ளைங்க மணல்ல கட்டுற சின்ன வீடு. ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல அதுக்குன்னே ஒரு பருவம் இருக்குன்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில ரெண்டாவது பத்து முழுக்க இதுதான்: நாங்க கட்டின வீட்டைக் கலைக்காதேன்னு கண்ணன்கிட்ட பொண்ணுங்க கேக்கறாங்க. யோசிச்சுப் பாருங்க, பகவானே வந்தாலும் எங்க மணல் வீட்டைத் தொடாதேன்னு சொல்ற அளவுக்கு அது அவங்களுக்கு முக்கியமா இருந்திருக்கு. அந்தக் காலத்துல குழந்தை பெரியவங்களைப் பார்த்து தொடாதேன்னு சொன்னது. இப்ப நாம குழந்தையைப் பார்த்து தொடாதேன்னு சொல்றோம்.

வெளிநாட்டுலயும் இப்படித்தான். மகள் ஒரு தடவை போன்ல காட்டினா. இங்கிலாந்துல ராணி மேரிக்காக 1921-ல இருந்து 1924 வரைக்கும் ஒரு பொம்மை வீடு செஞ்சாங்க. வடிவமைச்சவர் எட்வின் லட்யன்ஸ், டெல்லியில நம்ம குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டினவர். நிஜ வீட்ல 12-ல ஒரு பங்கு அளவு. குழாயில தண்ணி வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். இன்னைக்கும் வின்ட்சர் கோட்டையில பார்க்கலாம். பிரமாதமான வேலை, கைத்தொழிலுக்குக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா எல்லாமே இருக்கிற வீட்ல ஒரு குழந்தைக்கு என்ன வேலை இருக்கு? கொட்டாங்குச்சியைத் தொட்டின்னு சொல்றதுக்கு அங்க இடமில்லை. பார்த்துட்டு வரலாம், அவ்வளவுதான்.

சிலர் கேப்பீங்க, கொலு சாமி காரியம், அதுல விளையாட்டு எதுக்குன்னு. நியாயம்தான். மேல்படியில கலசமும் சாமியும் இருக்கட்டும், மரப்பாச்சி அதோட இடத்துல இருக்கட்டும். ஆனா கீழ்ப்படியும் அதுக்குக் கீழே தரையும் எப்பவும் பிள்ளைங்களோடதுதானே? மணலைக் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தெளிச்சு முளைக்க வச்சு வயல்னு சொல்லுவாங்க. உடைஞ்ச கண்ணாடியை நடுவுல வச்சா குளம். நாலு நாள்ல பச்சைப் பசேல்னு வந்துடும். விதை போட்டா முளைக்கும்னு நகரத்துப் பிள்ளை தன் கையால தெரிஞ்சுக்கிற இடம் அது ஒண்ணுதான். அந்த இடத்தையும் செட் வாங்கி அடைச்சுட்டோம்.

அன்னைக்கு நான் கையோட ஒரு படி கேழ்வரகு கொண்டு போயிருந்தேன். பால்கனியில பழைய தாம்பாளத்துல மண்ணைப் போட்டு பேத்திகிட்ட கொடுத்தேன். ஒரு செருப்பு டப்பாவையும் கொடுத்து, "இது உன் ஊரு, உன் இஷ்டம்"னு சொல்லிட்டு ஊருக்கு வந்துட்டேன். விஜயதசமி அன்னைக்குத் திரும்பப் போனப்ப கேழ்வரகு ஒரு விரல் உயரம் வளர்ந்திருந்தது. டப்பாவை நிமிர்த்தி வச்சு ரெண்டு மாடி பண்ணியிருந்தா. மேல் மாடியில பழைய பொம்மை ஒண்ணு உட்கார்ந்திருந்தது, பக்கத்துல மடிச்ச அட்டை ஒண்ணு. "இது அம்மா. அது லேப்டாப், மூடி இருக்கு"ன்னா. தங்கச்சி மகள் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா. ஒண்ணும் பேசலை. நானும் பேசலை. அவ வேலை அப்படி, ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆபீஸ் போன் வரும். குத்தம் சொல்ல நான் யாரு? நானும் சிரிச்சவன்தானே.

என் கருத்து இவ்வளவுதான். பிள்ளைங்க கட்டுற பொம்மை வீடு சும்மா விளையாட்டு இல்லை. நிஜ வீட்ல எது இல்லையோ, எது இருக்கணும்னு அது ஆசைப்படுதோ, அது அங்க வரும். வாயால கேக்கத் தெரியாததை அது கையால கேக்குது. நாம கடையில இருந்து முழு ஊரையும் வாங்கி வச்சுட்டா, கேக்கறதுக்கு முன்னாலயே அதோட வாயை அடைச்ச மாதிரி ஆயிடும்.

பொம்மை வாங்காதீங்கன்னு சொல்லலை. வாங்கலைன்னா அந்தத் தெரு எப்படிப் பிழைக்கும்? தாராளமா வாங்குங்க, பேரம் பேசாம வாங்குங்க. முழு செட்டுக்குப் பதிலா ஒரு கிழவி, ஒரு மாடு, ஒரு போலீஸ்காரர்னு தனித்தனியா பொறுக்கி எடுங்க. அதுங்களை எங்க நிறுத்தறதுன்னு பிள்ளை முடிவு பண்ணட்டும். மாடு மொட்டை மாடியில நின்னா நிக்கட்டும், திருத்தாதீங்க. உடைஞ்சா உடையட்டும், அடுத்த வருஷம் ஒண்ணு வாங்கிக்கலாம், செய்றவருக்கும் வியாபாரம். கட்டி முடிச்சதும் பக்கத்துல உட்கார்ந்து, "இது என்ன, இங்க யார் இருக்காங்க?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் சொல்றப்ப தயவுசெஞ்சு என்னை மாதிரி சிரிச்சுடாதீங்க.

தங்கச்சி மகளுக்குக் கல்யாண செட் வாங்கிட்டுத்தான் போகப் போறேன், சொன்ன வார்த்தை. ஆனா அது மூணாவது படிக்கு. கீழ்ப்படியைக் காலியா வைம்மான்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன். கேழ்வரகு இந்தத் தடவை ரெண்டு படி கட்டி வச்சிருக்கேன், பக்கத்து ஃபிளாட் பிள்ளைங்களுக்கும் சேர்த்து.