படம் வரைவது வீண்வேலையா?



“அறிவியல் பாடத்தில் படம் வரையச் சொல்லி ஏன் நேரத்தை வீணாக்குகிறீர்கள்? ஒளிநகல் எடுத்துக் கொடுத்தால் போதாதா?” என்று கேட்கும் பெற்றோர் உளர். ஆசிரியர் சிலரும் இதையே கேட்கின்றனர் என்பதுதான் வேதனை! அவர்களுக்கு மரியான் நோர்த் அம்மையாரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

இவர் 1830இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில், பிரபு மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் நாடாளுமன்ற உறுப்பினர். 1869இல் தந்தையார் மறைந்தார். அதன்பின் 1871 முதல் 1885 வரை ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், இலங்கை, இந்தியா, ஆஸ்திரேலியா, சிலி எனத் தூரிகையோடு உலகைச் சுற்றினார். தாவரவியலில் பட்டம் ஏதும் பெற்றவரல்லர்.

1876இல் நம் சரவாக்கிற்கும் வந்தார். அங்கே அவர் தீட்டிய ஓவியங்களுள் ஒன்று, ஒரு பெரிய கெண்டிச்செடி. அவ்வோவியத்தைக் கண்ட வீச் என்னும் ஆங்கிலேயச் செடி வணிக நிறுவனத்தார், அச்செடியைத் தேடிவரச் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரை அனுப்பினர். (பின்னாளில், 1884இல், பினாங்கு தாவரவியல் பூங்காவை உருவாக்கியவரும் இவரே.) 1881இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் அச்செடிக்கு ‘நெப்பந்தஸ் நோர்த்தியானா’ எனப் பெயரிட்டார். அறிவியல் அறியாத ஒரு செடியை உலகுக்குக் காட்டியது ஓர் ஓவியம்! இது வீண்வேலையா?

“அவர் சீமாட்டி. பணமிருந்தால் யாரும் வரையலாம்” என்பர் சிலர். பணம் அவரைக் கப்பலேற்றியது, மறுக்கவில்லை. இலண்டன் கியூ பூங்காவில் 1882இல் திறக்கப்பட்ட ஓவியக்கூடத்தையும் தம் சொந்தப் பணத்திலேயே கட்டினார். ஆனால், அங்குள்ள 800க்கும் மேற்பட்ட ஓவியங்களைப் பணமா வரைந்தது? அக்காலச் செல்வக் குடும்பப் பெண்கள் பலர் வரவேற்பறையில் அமர்ந்து பூக்களை வரைந்தனர். இவரோ செடி வளரும் இடத்திற்கே சென்று, அதன் சூழலோடு சேர்த்து வரைந்தார். வேறுபாடு பணத்தில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

அந்தப் பார்வையைத்தான் நாம் வகுப்பறையில் கொல்கிறோம். ஒளிநகல் தாளில் மாணவன் பெயரை மட்டும் எழுதுகிறான்; செடியைப் பார்ப்பதே இல்லை. ஒரு செம்பருத்தியை வரையச் சொல்லுங்கள். இதழ்கள் ஐந்து என எண்ணுவான். நடுத்தண்டின் நுனி ஐந்தாகப் பிரிந்திருப்பதைத் தானே கண்டுபிடிப்பான். கண்டது மறக்குமா?

“தேர்வுக்கு நேரமில்லை” என்ற சாக்கும் இனிச் செல்லாது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. புள்ளிப் பித்துதான் இன்னும் நம்மை விட்டபாடில்லை!

ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையாவது மாணவர்களைப் பள்ளி வேலியோரம் அழைத்துச் செல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வரைந்து வந்த இலையைக் கண்டு “இதற்கு எத்தனை புள்ளி?” என்று கேளாதீர்கள், “இதில் என்ன பார்த்தாய்?” என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், ஒரு செடி. இவற்றைப் பெறச் சீமாட்டியாகப் பிறக்க வேண்டியதில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.