மூன்றெழுத்துச் சிரிப்பு

பிரிட்டிஷ் பத்திரிகைகளின் ஒட்டுக்கேட்பு விவகாரத்தை விசாரித்த லெவிசன் குழுவின் முன்னால் 2012 மே 11 அன்று ரெபெக்கா புரூக்ஸ் சாட்சி சொன்னார். ஊடக அதிபர் முர்டாக்கின் பிரிட்டிஷ் பத்திரிகை நிறுவனத்துக்குத் தலைமை நிர்வாகியாக இருந்தவர் அவர். பிரதமர் டேவிட் கேமரூன் அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளைப் பற்றிக் கேள்வி வந்தது. பெரும்பாலும் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுத்தான் முடிப்பார், எப்போதாவது ‘எல்ஓஎல்’ என்றும் போடுவார் என்றார் புரூக்ஸ். அதற்கு ‘நிறைய அன்புடன்’ என்று பொருள் என நினைத்துக்கொண்டிருந்தாராம் கேமரூன். ‘வாய்விட்டுச் சிரிக்கிறேன்’ என்பதுதான் பொருள் என்று புரூக்ஸ் சொன்ன பிறகு அப்படிப் போடுவதை விட்டுவிட்டாராம்.

கேமரூனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடிதத்தின் அடியில் ‘நிறைய அன்புடன்’ என்று எழுதிக் கையெழுத்திடுவது ஆங்கிலேயர்களின் பழைய வழக்கம். அந்தச் சொற்களுக்கும் அதே மூன்று முதலெழுத்துகள்தான். அவர் தனக்குத் தெரிந்த பொருளில் எழுதினார். அதற்குள் அந்த எழுத்துகளை வேறொரு கூட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்தக் கூட்டத்தின் வேர் 1980களில் இருக்கிறது. கனடாவின் கால்கரி நகரில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணைத்துப் பேசிக்கொள்ளும் ‘வியூலைன்’ என்ற ஓர் இடம் இருந்தது. அங்கே நண்பர் ஒருவர் எழுதிய வேடிக்கையைப் படித்துத் தன் வீட்டுச் சமையலறைச் சுவர் எதிரொலிக்கச் சிரித்ததாகவும், அந்தச் சிரிப்பைத் தெரிவிக்கவே ‘எல்ஓஎல்’ என்று தட்டியதாகவும் வெய்ன் பியர்சன் சொல்கிறார். அந்த உரையாடலுக்குப் பதிவு எதுவும் எஞ்சவில்லை. ஃபிடோநெட் என்ற கணினி வலையமைப்பின் செய்திமடலில் 1989 மே மாதம் வந்த பட்டியல் கையில் கிடைக்கும் பழைய சான்று. 2011 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதைச் சேர்த்துக்கொண்டது.

அதே மாதம் ‘ஓஎம்ஜி’யும் அகராதிக்குள் வந்தது. கடவுளே என்று வியப்பதற்கான இந்தச் சுருக்கம் பள்ளிப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அகராதிக்காரர்கள் தேடியபோது கிடைத்த மிகப் பழைய சான்று 1917 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தலைவர் அட்மிரல் ஜான் ஃபிஷர்; அப்போது வயது 76. பெற்றவர் வின்ஸ்டன் சர்ச்சில். புதிதாக ஒரு வீரப் பட்டம் வரப்போகிறதாம் என்று கிண்டலாக எழுதி, அதற்கு இந்த மூன்றெழுத்தையே பெயராகச் சூட்டி, பக்கத்திலேயே விரிவையும் கொடுத்திருந்தார் ஃபிஷர்.

சுருக்கி எழுதுவது இளைய தலைமுறையின் சோம்பல் என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு கடிதமே போதும். ஆனால் இத்தகைய சுருக்கங்களின் உண்மையான தாய்வீடு தந்தி அலுவலகம். வால்டர் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1879இல் செய்தித் தந்திகளுக்காக ஆயிரக்கணக்கான சுருக்கங்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை இன்றும் ‘ஸ்காட்டஸ்’ என்று குறிப்பிடுகிறார்களே, அது அந்தத் தொகுப்பில் இருந்தது. தந்திக்காரர்கள் 73 என்று அடித்தால் நல்வாழ்த்து, 88 என்றால் அன்பு முத்தங்கள். பொழுதுபோக்காக வானொலியில் உரையாடும் ஹாம் வானொலிக்காரர்கள் இப்போதும் அப்படித்தான் விடைபெறுகிறார்கள்.

தந்திக்கும் இணைய அரட்டைக்கும் நடுவில், அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் உண்டு. ராபர்ட் வைட்பிரெக்ட் காது கேளாத அமெரிக்க இயற்பியலாளர்; ஹாம் வானொலிக்காரரும்கூட. நிறுவனங்கள் கழித்துப்போட்ட தட்டச்சுத் தந்தி இயந்திரங்களைச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் பேசவைக்கும் கருவியை அவர் உருவாக்கினார். 1964இல் கலிஃபோர்னியாவில் அவரும், காது கேளாத பல் மருத்துவரான ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸும் அதன் வழியாக உரையாடினார்கள். தொலைபேசி வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் காது கேளாதோருக்குப் பயன்படாமலே இருந்த அந்தச் சாதனம், அன்றுதான் அவர்கள் கைக்கு வந்தது. அந்த இயந்திரத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் எழுத்துகள் குழம்பிவிடும். ஆகவே ஒருவர் தன் பேச்சை முடிக்கும்போது ‘ஜிஏ’ என்று தட்டுவார்; இனி உங்கள் முறை என்று அர்த்தம். உரையாடலை முடிக்க ‘எஸ்கே’. இது தந்திக்காரர்கள் பேச்சை முடிக்கப் பயன்படுத்திய அதே குறி. காது கேளாதோர் பல பத்தாண்டுகள் இந்தச் சுருக்கங்களால்தான் மருத்துவரை அழைத்தார்கள், வேலை தேடினார்கள், குடும்பத்தாரோடு பேசினார்கள். முகம் தெரியாமல், குரல் கேட்காமல், எழுத்தை மட்டும் வைத்து உடனுக்குடன் பேச மனிதர்கள் முதன்முதலில் விரிவாகப் பழகிய இடங்களில் இதுவும் ஒன்று. இணையச் சுருக்கங்களின் கதையைச் சொல்பவர்கள் இதை விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

எழுத்தில் நேருக்கு நேர் பேசுவதன் சிக்கல் இதுதான்: எதிரில் இருப்பவர் எழுந்து போனாலும் தெரியாது, சிரித்தாலும் தெரியாது. 1988இல் ஃபின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்கரினென் உருவாக்கிய ஐஆர்சி அரட்டை அறைகளிலும், பின்னால் வந்த ஐசிக்யூ, ஏஓஎல், யாஹூ மெசஞ்சர்களிலும் ‘பிஆர்பி’ என்ற சுருக்கம் ஓயாமல் புழங்கியது இதனால்தான். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லாமல் எழுந்தால், மறுமுனையில் இருப்பவர் தன்னைப் புறக்கணித்ததாக நினைத்துக்கொள்வார். சொல்லிவிட்டு எழுவது ஒரு மரியாதை. 2000களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து யாஹூ அறைகளுக்குள் நுழைந்த தமிழ் இளைஞர்களுக்கு ‘ஏஎஸ்எல்’ நன்றாக நினைவிருக்கும். வயது, பால், ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கும் கேள்வி அது.

கைப்பேசி வந்தபோது வேறொரு கட்டுப்பாடு சேர்ந்தது. 1985இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சு இயந்திரத்தில் சாதாரண வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160 எழுத்துக்குள் அடங்கின. குறுஞ்செய்தியின் நீளம் அப்படித்தான் முடிவானது. முதல் குறுஞ்செய்தியை 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் அனுப்பினார், கிறிஸ்துமஸ் வாழ்த்து. பொத்தான் கைப்பேசியில் ‘எஸ்’ எழுத்துக்கு 7ஆம் எண்ணை நான்கு தடவை அழுத்த வேண்டும். பார்க்கலாம் என்று விடைபெறும் ‘சீ யூ’வை முழுதாக எழுத, இடைவெளியைச் சேர்க்காமலே, 16 அழுத்தம் ஆகும், ‘சி’, ‘யு’ என்ற இரண்டு எழுத்தாக எழுத 5 போதும். யாராக இருந்தாலும் ஐந்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்தக் கணக்கில் தமிழர்களுக்கு நேர்ந்தது இரட்டைச் சுமை. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்தைத் தாங்கும். தமிழ் எழுத்துக்கு மாறியதும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட் ஆகிவிடுவதால் கொள்ளளவு 70 ஆகச் சுருங்கும். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ‘சாப்பிட்டாயா’ என்பது கண்ணுக்கு ஆறெழுத்து, கைப்பேசிக்குப் பன்னிரண்டு. அதையே பேச்சு வழக்கில் ‘சாப்டியா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் ஏழோடு முடிந்தது. போதாததற்கு அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கம் இங்கே வேரூன்றியதற்குத் தாய்மொழிப் பற்று குறைந்ததுதான் காரணம் என்பது அவசரத் தீர்ப்பு. இந்தத் தொழில்நுட்பக் கட்டுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மொழி அழிகிறது என்ற கூக்குரல் ஆங்கிலேயர்களிடமும் எழுந்தது. பிரிட்டனின் ஒலிபரப்பாளர் ஜான் ஹம்ஃப்ரிஸ் 2007இல் டெய்லி மெயிலில் குறுஞ்செய்தி மொழியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். மறு ஆண்டே மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் ஒரு முழுப் புத்தகத்தில் எதிர்வாதம் வைத்தார். சராசரிக் குறுஞ்செய்தியில் சுருக்கப்படும் சொற்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று காட்டினார். டொரன்டோ பதின்பருவத்தினரின் அரட்டைகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டி ஆராய்ந்த சாலி டாக்லியமாண்டேயும் டெரிக் டெனிஸும் 2008இல் தந்த கணக்கு இன்னும் துல்லியமானது: சுருக்கங்களின் பங்கு 2.4 விழுக்காடு. பிரிட்டனில் 10 முதல் 12 வயதுள்ள 88 பிள்ளைகளை வைத்து பெவர்லி பிளெஸ்டர் குழுவினர் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. குறுஞ்செய்திச் சுருக்கங்களை அதிகம் பயன்படுத்திய பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை, முன்னால்தான் இருந்தார்கள். இதில் வியப்பில்லை. ஒரு சொல்லின் ஒலி தெரிந்தவரால்தான் அதைச் சரியான இடத்தில் வெட்ட முடியும்.

இதற்கிடையில் ‘எல்ஓஎல்’ தன் பொருளையே மாற்றிக்கொண்டது. அதைத் தட்டும் பெரும்பாலோர் இப்போது சிரித்துக்கொண்டிருப்பதில்லை. ‘தாமதமாகிவிட்டது, எல்ஓஎல்’ என்றால் கோபித்துக்கொள்ளாதே என்று பொருள். நாம் நேரில் பேசும்போது உதட்டோரம் காட்டும் சின்னப் புன்னகையின் வேலையை அது செய்கிறது. மொழியியலாளர் ஜான் மக்வோர்ட்டர் 2013இல் ஓர் உரையில் இதைத்தான் விளக்கினார். முற்றுப்புள்ளிக்கும் இப்படி ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் செய்த ஆய்வில், முற்றுப்புள்ளியோடு முடிந்த ஒற்றைச் சொல் குறுஞ்செய்திப் பதில்கள் அவ்வளவு மனப்பூர்வமானவையாகத் தெரியவில்லை என்றார்கள். அதே பதில் கையால் எழுதிய சீட்டில் இருந்தபோது அந்த வேறுபாடு இல்லை.

பொய்யில்லை என்பதற்கு ‘நோ கேப்’, அசத்துவதற்கு ‘ஸ்லே’ என்று இன்றைய பிள்ளைகள் சொல்பவற்றை இணைய மொழி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அவை பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தவை. எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் என்று புகழும் ‘கோட்’ என்ற சுருக்கத்தை முகமது அலியின் மனைவி லோனி அலி 1992இலேயே தங்கள் நிறுவனத்துக்குப் பெயராக வைத்தார். உருவாக்கியவர்களுக்கு உரிய பெயர் போய்ச் சேர வேண்டும்.

சுருக்கி எழுதுவது தமிழுக்குப் புதிதா என்ன? ‘த/பெ’ என்று எழுதினால் தந்தை பெயர் என்று எல்லாருக்கும் புரிகிறது. பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. ௳, ௴, ௵ என்று தொடங்கும் அந்த எட்டும் யூனிகோடில் இடம்பெற்று, இன்றைய கைப்பேசிகளுக்கும் வந்துவிட்டன. பிள்ளைகள் எதையாவது சுருக்கி எழுதினால் கடிந்துகொள்ள வேண்டாம். பொருள் கேளுங்கள், ஆர்வத்தோடு சொல்வார்கள். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் 70 என்ற பழைய கட்டு இல்லை, தமிழ் விசைப்பலகை இன்றைய திறன்பேசிகளில் கிடைக்கிறது. ஆங்கில எழுத்தை நாடவைத்த காரணம் போய்விட்டது. இனி அரட்டையையும் தமிழ் எழுத்திலேயே அடியுங்கள். சுருக்க வேண்டுமென்றால் தமிழையே சுருக்குங்கள்.