பஞ்சில்லாப் பருத்தி

ஹிஞ்சேவாடியில் வாழும் நமக்குப் பருத்தி என்றதும் கடையில் வாங்கும் ஆடையே நினைவுக்கு வரும். இதே மகாராட்டிர மாநிலத்தின் விதர்ப்பாப் பகுதியிலோ, அது கரிசல் நில உழவர்களின் வாழ்வாதாரம் ஆகும்.

காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்தி 2002-ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகமானது. நாளடைவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதனை எதிர்த்து வாழும் ஆற்றலைப் பெற்றது. 2017-ஆம் ஆண்டில் விதர்ப்பாவின் பருத்தி வயல்கள் அப்புழுவால் பெருஞ்சேதமுற்றன. ஒரே காப்பினை நம்பியிருத்தல் போதாது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது. ஆகவே, பருத்தியின் காட்டு இனங்களைப் பேணி ஆராய்வது இன்றியமையாதது என்பது என் கருத்து.

பருத்திப் பேரினத்தில் ஏறத்தாழ ஐம்பது இனங்கள் உள்ளன. அவற்றுள் நான்கு மட்டுமே பயிரிடப்படுகின்றன. காட்டு இனங்கள் பலவற்றில் நூற்பதற்கேற்ற பஞ்சு இல்லை; எனினும் வறட்சி, நோய், பூச்சி ஆகியவற்றைத் தாங்கும் பண்புகள் உண்டு.

"பஞ்சில்லாத செடியால் என்ன பயன்?" எனச் சிலர் வினவலாம். அதற்கு வரலாறே விடை கூறுகிறது. அமெரிக்கப் பாலைநிலத்தில் வளரும் தர்பெரி என்னும் காட்டுப் பருத்தியை, நம் கருங்கண்ணி சார்ந்த நாட்டுப் பருத்தி இனத்துடன் பீஸ்லி என்னும் அறிஞர் கலந்தார். இரண்டிற்கும் குரோமோசோம்கள் 26. பிறந்த செடியோ மலடாயிற்று. கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளால் அதன் குரோமோசோம்களை 52 ஆக இரட்டித்து, 52 குரோமோசோம்கள் உடைய அமெரிக்கப் பயிர்ப்பருத்தியுடன் அதனைக் கலந்தார். அவ்வழியில் தோன்றிய செடிகளிலிருந்து வலிமைமிக்க இழையுடைய பருத்தி கிடைத்தது. பஞ்சில்லாச் செடி, பஞ்சுக்கு உரம் தந்தது! அந்தக் கோல்ச்சிசின், தமிழகத்தின் மாநில மலராகிய செங்காந்தளிலும் உள்ளது.

இப்பணி எளிதன்று. காட்டுச் செடியின் நற்பண்புடன் வேண்டாத பண்புகளும் சேர்ந்தே வரும். அவற்றை நீக்கப் பல தலைமுறைகள் கலப்புச் செய்ய வேண்டும். அதனாலேயே இதனைக் காலவிரயம் என்று கருதுவது முறையன்று; புழு வயலை அழித்தபின் தேடத் தொடங்கினால் உழவரால் காத்திருக்க இயலாது.

1976-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நாகபுரி மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் காட்டு இனங்களைச் சேகரித்துப் பேணி வருகிறது. அதன் மண்டல நிலையம் கோயம்புத்தூரில் உள்ளது. இத்தகைய தோட்டங்களோடு, அவ்வினங்கள் இயல்பாக வளரும் நிலங்களும் காக்கப்பட வேண்டும். இன்று பயனற்றதாகத் தோன்றும் செடியை அழித்துவிட்டால், நாளை அதன் பயனை அறிந்தாலும் அதனை மீட்க நம்மால் இயலாது.