வேகமும் பதுங்குகுழியும்

தாரை விமானங்களைப் பற்றி எழுதப்புகும் நம்மவர் பெரும்பாலும் ஒரே இடத்திலேயே தொடங்குவர்: 1944, ஜேர்மனி, மெஸ்ஸர்ஷ்மிற் 262. மணிக்கு ஏறக்குறைய 870 கிலோமீற்றர் வேகம். எதிரியின் விசிறி விமானங்கள் எட்டிப்பிடிக்க இயலாத அற்புதம். 'ஈராண்டு முந்தி வந்திருந்தால்!' என்ற பெருமூச்சுடன் கட்டுரை முடியும். யாருக்காக இந்தப் பெருமூச்சு? அவ்விமானத்தின் உடற்பகுதிகள் ஒஸ்திரியாவில், கூசன் வதைமுகாமை அடுத்த சுரங்கங்களில், கைதிகளைக் கொண்டு செய்விக்கப்பட்டன. அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டதை இக்கட்டுரைகள் ஓர் அடிக்குறிப்பிலேனும் கூறுவதில்லை.

போகட்டும். அந்த யுத்தத்தில் நிகழ்ந்ததை வான்போர் என்றழைக்க நியாயமாவது உண்டு. எதிரே மஸ்ராங் விமானங்கள் இருந்தன. வேகம் விமானத்துக்கு எதிராக ஏவப்பட்டது. அதே சொல்லை வன்னிக்கும் சூட்டி, இங்கு நிகழ்ந்ததையும் தாரை விமானங்களின் வான்போர் என எழுதுவோரையே நான் மறுக்கின்றேன்.

இலங்கை விமானப்படைக்குச் சீனத்து எப்-7 விமானம் 1991 இலும், இஸ்ரேலின் கிபிர் 1996 இலும் வந்தன. (எபிரேய மொழியில் கிபிர் என்பது சிங்கக்குட்டி, பரந்தனிலோ அது வானில் இரைந்து வரும் எந்தத் தாரை விமானத்துக்கும் பொதுப்பெயர்.) புலிகளின் சிறு விமானங்கள் முதன்முதலாகக் கட்டுநாயக்காவில் குண்டு வீசியது 2007 மார்ச் 26 இல். அதற்கு முந்திய பதினோராண்டும் கிபிர் எந்த விமானத்தோடு பொருதியது?

கணக்கொன்று போடுவோம். ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். பத்துக் கிலோமீற்றருக்கப்பால் எழும் இரைச்சல் 29 செக்கனில் நம்மை வந்தடையும். எண்பதுகளில் வந்த, மக்கள் 'சியாமாச்செட்டி' என்றழைத்த விசிறி விமானம் செக்கனுக்கு 100 மீற்றர் பறப்பதாகக் கொண்டால், அது தலைக்குமேல் வர 100 செக்கன். ஆகவே சத்தம் கேட்டபின் எஞ்சுவது 71 செக்கன். தாரை விமானம் செக்கனுக்கு 250 மீற்றர் பறந்தால் எஞ்சுவது 11 செக்கன் மாத்திரமே. பரந்தன் சந்தியை அடுத்த குடியிருப்பொன்றில், அடுப்படியிலிருந்து எழுந்து, குழந்தையை வாரியெடுத்து, கிழவியைக் கைப்பிடித்து, முற்றத்துப் பதுங்குகுழிக்குள் இறங்குவதற்கு 11 செக்கன்! எதிர்விமானம் இல்லாத வானில் அவ்வேகம் வென்றது அந்த அறுபது செக்கனையே.

'இலக்குகள் இராணுவ இலக்குகளே' என்பர். பரந்தனில் தொடங்கும் முல்லைத்தீவு வீதியில் உள்ளது வள்ளிபுனம். 2006 ஓகஸ்ட் 14 இல் அங்கே செஞ்சோலை வளாகத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் தாரை விமானக் குண்டுகளுக்குப் பலியாயினர். அரசு அதனைப் புலிகளின் பயிற்சிமுகாம் என்றது. அவர்கள் பாடசாலை மாணவியர் என்றது யுனிசெவ்.

எப்-7, கிபிர், மிக்-27 என அட்டவணை வரையும் நண்பர்கள் வேகத்துக்கும் உயரத்துக்கும் பக்கத்தில் இன்னுமொரு நிரல் வரையட்டும்: சத்தம் கேட்டபின் எத்தனை செக்கன்.