மணலி மெட்டுகளும் கிட்டார் வாத்தியமும்

நம் நாட்டு மெட்டுகளை ஜாஸ் முறையில் தனிக் கிட்டாருக்கு அமைக்க விரும்பும் மாணவர், புழல் ஏரிக்குக் கிழக்கேயுள்ள மணலியினின்றே தொடங்கல் வேண்டும் என்பது என் துணிபு. இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்த ஊர் அது. அவர் மைந்தர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), ஜார்ஜ் கோட்டைப் பாண்டு வாத்தியத்தில் முழங்கிய மேனாட்டு மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் எனப்படும் இவை சுமார் 40, சங்கராபரணத்தைச் சார்ந்தவை. 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டே!

கமகம் செறிந்த தோடியின் கீழே சுரக்கூட்டுகளை நிறுத்தினால், அசையும் சுரம் அவற்றோடு முரணும். நோட்டுஸ்வரத்திலோ சுரங்கள் அசைவின்றி நிற்பன. கட்டைவிரல் தடித்த தந்திகளில் அடிச்சுரத்தை மீட்ட, ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை இசைக்கலாம். மெட்டின் ஸட்ஜத்தை ஸ, க, ப என்னும் கூட்டின்மேல் வைப்பின், வீடு சேர்ந்த அமைதி தோன்றும். த, ஸ, க என்பதன்மேல் வைப்பின், அதே ஸட்ஜம் ஏக்கமுறும். ம, த, ஸ என்பதன்மேல் வைப்பின், இன்னும் வழி உண்டென நெஞ்சம் எதிர்நோக்கும். மெட்டு ஒன்றே, பொருளோ மூன்று.

இதனைக் கலப்படம் எனச் சினப்பார் உளர். தீட்சிதரே அயல்மெட்டை ஏற்றார். அவரினும் நாம் ஆசாரம் மிக்கவரோ? ஆயினும், மெட்டைச் சிதைக்க எவருக்கும் உரிமையில்லை. முதலில் அதனை ஒற்றைத் தந்தியில் வாசித்து மனத்தில் இருத்துக; பின்னரே கூட்டுகளைத் தேடுக.