அடுப்புக்கு ஒருவேளை விடுமுறை



பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் கடைத்தெருவில் சிவப்பு நிற வாழ்த்து அட்டைகளும் ரோஜாப் பூக்களும் குவிகின்றன. 1990களில் வாழ்த்து அட்டை வியாபாரமும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் நம் நாட்டில் பரப்பிவிட்ட வழக்கம் இது. பிப்ரவரி 14 நமக்குரிய நாளன்று என்பதில் நம் இல்லங்களில் பெரும்பாலும் இரண்டு கருத்து இல்லை. ஆயினும் அந்த நாளைத் தள்ளிய வேகத்தில், கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச ஒரு பொழுது வேண்டும் என்பதையும் சேர்த்தே தள்ளிவிட்டோமோ என்ற ஐயம் எழுகின்றது.

நம் தாய்மார்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். சுபுஹுக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, பள்ளி வேனில் ஏற்றி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, துணி துவைத்து, மாலையில் மதரஸாவுக்கு அனுப்பி, இஷாவுக்குப் பின் பாத்திரம் கழுவி முடிக்கும்போது கண் செருகுகின்றது. கடை அடைத்துவிட்டு வரும் கணவரிடம் பேசுவதற்கு எஞ்சியிருப்பது கேஸ் சிலிண்டரும் பள்ளிக் கட்டணமும்தான். 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். அவ்வேலையில் கை வைக்கும் ஆண்களோ 97 நிமிடங்கள். கை வைக்கும் ஆண்களே குறைவு என்பது வேறு விஷயம்!

இந்த நிலையில், "நம் நிக்காஹ் நாளைக் கொண்டாடுவோம்" என்று கணவர் ஆசையோடு சொன்னால் என்ன நடக்கின்றது? இருபது பேருக்கு பிரியாணி. அண்டாவைத் தேய்ப்பவரும் அந்த மனைவிதான். ஆதலால் நான் ஒரேயோர் அளவுகோலைத்தான் சொல்வேன். அன்று தாயின் வேலையில் ஏதேனும் ஒன்று குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் அது விருந்து, இருவருக்கான பொழுதன்று.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததை நாம் அறிவோம். முதலில் அன்னையார் வென்றார்கள். பின்னொரு பயணத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்று சிரித்தார்கள். இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது பலரும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்றுண்டு. பந்தயத்திற்கு முன் நபியவர்கள் உடன் வந்த தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டார்கள். முதலில் தனிமை, பிறகுதான் விளையாட்டு. செலவு எதுவுமில்லை.

நமக்காக யார் முன்னே போவது? பிள்ளைகளை மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மாமியாரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாத்தனாரிடம் முறை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாதம் உங்கள் பிள்ளைகள் அவர் வீட்டில், அடுத்த மாதம் அவர் பிள்ளைகள் உங்கள் வீட்டில். கேட்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றால் இன்னும் நல்லது. மருமகள் கேட்டால் "ஊர் சுற்றப் போகிறாள்" என்ற பேச்சு வரும். மகன் கேட்டால் வராது. உலகம் அப்படித்தான் இருக்கின்றது.

வெளியே போக இயலாதவர்கள், பிள்ளைகள் மதரஸாவில் இருக்கும் வேளையில் மொட்டை மாடியில் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு அமரலாம். தேநீரைக் கணவர் போடட்டும்; சர்க்கரை கூடினாலும் குடித்துவிடுங்கள். கைப்பேசிகள் இரண்டும் கீழேயே இருக்கட்டும். கணவர் வளைகுடாவில் இருக்கும் சகோதரிகள், வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பிலேனும் பணம் வந்ததா, வட்டாட்சியர் அலுவலகம் போனாயா என்ற பேச்சு கூடாது என்று இருவரும் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிடம் பேச்சே வராது. பிறகு வரும்.

போக முடிந்தவர்களுக்கு மலை வெகுதூரத்தில் இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வசதியில்லையே என்று கள்ளக்குறிச்சிச் சகோதரிகள் ஏங்க வேண்டியதில்லை. 2019-இல் தனி மாவட்டமான இவ்வூருக்கு மேற்கே கல்வராயன் மலை எழுந்து நிற்கின்றது. கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால் அடிவாரத்தில் கோமுகி அணை. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அணைக்கரையே போதும். மேலே ஏற வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஏறினால் வெள்ளிமலைக்குச் செல்லும் பாதையிலேயே பெரியார் நீர்வீழ்ச்சியைப் பார்க்கலாம். மேகம் நீர்வீழ்ச்சி அழகுதான். ஆனால் நடையும் வழுக்குப் பாறையும் உள்ள இடம். இளைப்பாற வந்தவர்கள் அங்கே போக வேண்டாம் என்பதே என் கருத்து. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அருவியில் நீர் இருக்கும், கோடையில் மெலிந்துவிடும்.

சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். நான்கு இட்லியைக் கடையில் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். உண்ட இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். அது மலைவாழ் மக்கள் குடியிருக்கும் ஊர். காலையில் கிளம்பி, வளைவுகளில் இருட்டு விழுமுன், மஃரிபுக்கு வீடு வந்து சேருமாறு இறங்கிவிடுங்கள். மலைத்தேன் வாங்கினால், அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு ஒரு புட்டி தனியாக வாங்குங்கள். அடுத்த மாதமும் கேட்க வேண்டுமல்லவா?