உதகையில் காணாத மலை

கோடை பிறந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலைப்பாதைகளில் ஊர்திகள் வரிசையாக நிற்கின்றன. ஏரியில் படகுப் பயணம், தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, மலை இரயிலில் ஓர் உலா. இவை முடிந்ததும் நீலகிரியைக் கண்டுவிட்ட நிறைவோடு மக்கள் கீழிறங்குகின்றனர். ஆனால், அவர்கள் கண்டது நீலகிரியின் ஒரு பகுதியை மட்டுமே.

1819ஆம் ஆண்டு, கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்தார். சமவெளியின் வெயிலைத் தாங்க இயலாத ஆங்கிலேயர், தொடர்ந்து இங்குக் குடியேறித் தம் தாயகத்தின் சாயலில் ஊரை அமைத்தனர். ஓடையைத் தடுத்து ஏரி உருவாக்கப்பட்டது. விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகைமரமும் வந்தன. 1908இல் இரயில் உதகையை எட்டியது. இன்று இயற்கை எழில் எனப் போற்றப்படுவனவற்றுள் பல, மனிதர் அமைத்தவையே.

அவற்றை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. பல்சக்கரத்தின் துணையால் செங்குத்தான மலையேறும் இரயில் பொறியியல் திறனுக்குச் சான்று. 2005இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எனினும், அவற்றோடு பார்வை நின்றுவிடுவது பெருங்குறையாகும்.

ஆங்கிலேயர் வருமுன் மலைமுகடுகளில் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் சோலைக்காடுகளும் பரந்திருந்தன. தோடர்களின் எருமைகள் அப்புல்வெளிகளில் மேய்ந்தன. மழையையும் மூடுபனியையும் உள்வாங்கி, கோடையிலும் ஓடைகளுக்கு நீரைச் சிறுகச் சிறுக வழங்குபவை இவையே. அந்நீரே பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி ஈரோட்டு வயல்களை நனைக்கிறது, காவிரியிலும் கலக்கிறது. மரமற்ற நிலம் பயனற்றது எனக் கருதிப் புல்வெளியில் அயல்மரங்களை நட்டது பெரும்பிழை. இன்று அம்மரங்கள் அடர்ந்து எஞ்சிய புல்வெளிகளையும் நெருக்குகின்றன.

உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் உதகைக்கு வரும் வெளியூர் ஊர்திகளுக்கு மின்-அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. சுற்றுலாவை நம்பி வாழ்வோர் இதனால் கவலை கொள்வது இயல்பே. ஆயினும், மலையின் நீரும் நிலமும் கெட்டால் சுற்றுலாவும் நிலைக்காது. ஊர்திகளின் எண்ணிக்கையைச் சட்டம் கட்டுப்படுத்தலாம். பயணியின் நோக்கை மாற்றும் கடமை கல்விக்கே உரியது.

பள்ளிச் சுற்றுலாவாக உதகை செல்லும் மாணவர்கள், பூங்காவோடு ஒரு சோலைக்காட்டின் விளிம்பையும் காணல் வேண்டும். அங்குக் கசியும் நீர் எந்த ஊரின் கிணற்றையும் வயலையும் சென்றடைகிறது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். அவ்வாறு அறிந்தவர் அந்த ஓடையில் நெகிழிப் புட்டியை வீச மனம் கொள்ளார்.